100 மூட்டை மருமவன்

வா மருமவனே. அந்தப் பக்கம் உக்காராத, இப்படி வா. திண்ணையில முக்காவாசியை உன் சிமெண்டு மூட்டை புடிச்சிக்கிச்சி. மிச்ச எடத்துல நானும் பூனையும் மொறை வச்சிப் படுக்குறோம். நேத்து ராத்திரி பூனை மொறை.

"மண்ணுலயே வூடு கட்டப் போறேன் மாமா, இயற்கை வூடு"ன்னு நீ போன்ல சொன்னப்ப நெஞ்சு குளுந்து போச்சு. பட்டணத்துல கம்ப்யூட்டர் தட்டுற புள்ள மண்ணைத் தேடி வருதேன்னு, அன்னைக்கு ஒரு சொம்பு மோரு கூடவே குடிச்சேன். ரெண்டு நாள் கழிச்சி லாரி வந்து நின்னுச்சி. மண்ணு எறங்கும்னு பாத்தா சிமெண்டு எறங்குது. எறங்குது, எறங்கிக்கிட்டே இருக்குது. "பெருசு, இங்க பாலம் எதனா கட்டுறாங்களா?"ன்னு டிரைவரு கேட்டான். "இல்லப்பா, இயற்கை வூடு"ன்னேன். அவன் சிரிக்கல. நல்ல வளர்ப்பு.

எண்ணிப் பாத்துட்டேன், 100 மூட்டை. நீ அடிக்கப் போறது 6000 கல்லு. ஒரு கல்லு 29 சென்டிமீட்டர் நீளம், 14 அகலம், 9 ஒசரம். கையில தூக்கினா 7 கிலோ இருக்கும். ஆக மொத்தம் 42 டன். அதுல 5 டன் சிமெண்டு. நூத்துக்குப் பன்னெண்டு. நீ கட்டப் போறது மண்ணு வூடு இல்ல மருமவனே, மண்ணு வாசனை தெளிச்ச சிமெண்டு வூடு. நல்ல மண்ணா இருந்தா 5 சதவீதம் போதும். கணக்குப் புடிக்கலைன்னா இப்படி வச்சிக்க, ஒரு டன் கலவைக்கு ஒரு மூட்டை. 42 டன்னுக்கு 42 மூட்டை. இதுக்கு உன் லேப்டாப்பு வேணாம், வெரலே போதும்.

மொறைக்காத. இந்தக் கிழவனுக்கு இன்னா தெரியும்னுதான நெனைக்கிற? 1990ல நான் ஆரோவில்லுக்கு வேடிக்கை பாக்கப் போனவன். அங்க பார்வையாளர் மையம் கட்டிக்கிட்டு இருந்தாங்க. சூளை இல்ல, வெறகு இல்ல, பொகை இல்ல, ஆனா கல்லு மட்டும் வரிசையா எறங்குது. செம்மண்ணைச் சலிச்சி, கொஞ்சம் சிமெண்டைக் கலந்து, இரும்புப் பொட்டியில போட்டு, ரெண்டு ஆளு கம்பியைப் புடிச்சித் தொங்கினா ஒரு கல்லு. வாய் பொளந்து நின்னேன். "நிக்கிற நேரத்துக்கு மண்ணைச் சலி"ன்னு ஒரு மேஸ்திரி சல்லடையைக் கையில குடுத்துட்டான். அப்படியே ரெண்டு வருசம் ஓடிப் போச்சு. அந்தக் கட்டடத்துக்கு 1992ல ஹசன் ஃபாத்தி பேர்ல ஒரு விருது குடுத்தாங்க. எகிப்துல மண்ணுல வூடு கட்டிப் பேரெடுத்த மனுசன் அவரு. விருதுல என் பேரு இல்ல. சல்லடைக்கும் இல்ல.

வித்தை அதுக்கும் முந்தினது. 1950கள்ல கொலம்பியா நாட்டு பொகோட்டாவுல ராமிரெஸ்னு ஒரு எஞ்சினியரு கையால நெம்புற பிரஸ் ஒண்ணைச் செஞ்சாரு, சின்வா ராம்னு பேரு. அதுதான் இந்த மிசினுக்கெல்லாம் பாட்டன். 1974ல பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல அஸ்த்ரான்னு ஒரு பிரிவு ஆரம்பிச்சி, அவங்களும் இதுல எறங்கினாங்க. ஆரோவில்லுல ஆரம்னு ஒரு பிரஸ் செஞ்சி ஊரு ஒலகத்துக்கெல்லாம் அனுப்பினாங்க. நீ வாடகைக்கு எடுத்துட்டு வந்து தென்னை மரத்துல கட்டிப் போட்டிருக்கியே, மாடு மாதிரி, அதுவும் அந்த வம்சந்தான்.

சரி, சிமெண்டு எதுக்குப் போடுறோம்? சொல்லு. "பலத்துக்கு." அங்கதான் நீ ஏமாந்த.

இந்த வூட்டையே பாரு. எங்க தாத்தா வச்ச மண்ணு சொவரு, ஒன்றரை மொழம் கனம், சிமெண்டு வாசனையே மோந்ததில்ல. 2011ல தானே புயல் கூரையைத் தூக்கிட்டுப் போச்சு, சொவரு அசையல. அப்புறம் பின்பக்கம் பாத்ரூம் கட்டுறேன்னு நான் தாழ்வாரத்தைப் பிரிச்சேன். "வேணாம், தாத்தா காரணமாத்தான் எறக்கியிருப்பாரு"ன்னு உங்க அத்தை சொன்னா. நான் மேஸ்திரி ஆச்சே, பொம்பளை பேச்சைக் கேப்பனா? 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் வந்துச்சி. இதோ இருக்குற மயிலத்துல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் மழை. ராத்திரி மூணு மணிக்குப் பின்சொவரு சத்தமே போடாம, தண்ணியில போட்ட வெல்லம் மாதிரி, அப்படியே ஒக்காந்துடுச்சி. தாழ்வாரம் இருந்த முன்சொவரு நிக்குது, அதுல சாஞ்சிதான் நீ இப்ப என்னை மொறைக்கிற. உங்க அத்தை அன்னைக்கு ஒரு வார்த்தை பேசல. இன்னைக்கு வரைக்கும் பேசிக்கிட்டிருக்கா.

காஞ்ச மண்ணு கல்லு யானையைத் தாங்கும். நனைஞ்ச மண்ணு கல்லு பூனையைத் தாங்காது. மண்ணுக்குள்ள இருக்குற களி தண்ணியைக் கண்டா ஊதும், வெய்யிலைக் கண்டா சுருங்கும், ரொம்ப நனைஞ்சா புடியை வுட்டுடும். சிமெண்டு போயி மணலுக்கும் மணலுக்கும் நடுவுல நூலாம்படை மாதிரி பின்னிக்கிது. அந்தப் பின்னல் தண்ணியில கரையாது. அதுக்குத்தான் சிமெண்டு. நீ போன்ல ஐ.எஸ். 1725ன்னு ஒரு தர நம்பரைக் காட்டினியே, 1982லயும் 2013லயும் திருத்தினது, அதுலயும் கல்லை ஊற வச்சிட்டுத்தான் ஒடைச்சிப் பாக்கச் சொல்லியிருக்கு. காஞ்ச கல்லு பலம் யாருக்கு வேணும்?

பாலுக்கு ஒறை குத்துறாளே உங்கம்மா, எவ்வளவு மோரு ஊத்துறா? ஒரு கரண்டி. தயிரு கெட்டியா வரணும்னு ஒரு படி மோரை ஊத்துவாளா? 3 சதவீதத்துக்குக் கொறைச்சா ஒறையாது, 5 போட்டா நல்லா ஒறையும். 8, 10க்கு மேல போனா ஏறுறது கடைக்காரனோட வருமானம். பாலு திரிஞ்ச பாலா இருந்தா எத்தனை கரண்டி ஊத்தியும் பிரயோசனம் இல்ல. அந்தப் பாலு எதுன்னு பாப்போம், வா.

"நம்ம மனையில நோண்டின மண்ணுலயே கல்லு அடிக்கணும் மாமா, அதான் உணர்ச்சி"ன்ன. உணர்ச்சி சரிதான். மண்ணுதான் சரியில்ல. உன் மனை ஏரிக்குக் கீழ இருக்குது, அம்புட்டும் களி. களி சட்டுனு ஒடையாது, உருண்டை உருண்டையா நிக்கும். சிமெண்டு அந்த உருண்டைக்கு மேல பூசிக்கும், உள்ள பச்சைக் களி அப்படியே இருக்கும். வெளியில வெந்து உள்ள வேவாத கொழுக்கட்டை மாதிரி. மொத மழையில அது ஊதும், கல்லு வெடிக்கும். அப்ப நீ இன்னா சொல்லுவ? "சிமெண்டு பத்தலை மாமா"ம்ப. அதுக்குத்தான் 100 மூட்டை வாங்கினியோ என்னமோ.

சிமெண்டுக்கு வேண்டியது மணல்வாகான மண்ணு. 100 கூடை எடுத்தா 15 கூடை சரளை, 50 கூடை மணலு, 15 கூடை வண்டலு, 20 கூடை களி. களி அறவே இல்லைன்னாலும் ஆவாது. பிரஸ்ஸை வுட்டு எடுக்கும்போது கல்லு கையில நிக்கிறதே அந்தக் களியாலதான். உன் களிமண்ணுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னா மணலைக் கலந்து சரிக்கட்டு, இல்லைன்னா சுண்ணாம்புக்குப் போ. சுண்ணாம்பு களியோட சேந்து மெதுவா இறுகும். 6 சதவீதம் போடலாம். ஆனா சிமெண்டு வாரக்கணக்குல காட்டுற பலத்தை சுண்ணாம்பு மாசக்கணக்குல காட்டும். உனக்கோ 10 நாள்தான் லீவு.

மண்ணுல எது எவ்வளவுன்னு எப்படித் தெரியும்னு கேளு. கேக்க மாட்ட, லேபுக்கு அனுப்புவ. அனுப்பு, தப்பில்ல. அதுக்கு முன்ன ஒரு காலி பாட்டில் எடு. நம்ம ஊர்ல கோயிலைத் தேடினாக்கூட வழி கேக்கணும், பாட்டிலு காலுலயே தட்டும். நல்லாக் கழுவி, கால் பாட்டில் மண்ணு, மேல தண்ணி, ஒரு சிட்டிகை உப்பு. குலுக்கி வச்சிட்டு ஓரமா ஒக்காரு. சரளையும் மணலும் ஒரு நிமிசத்துல அடியில ஒக்காந்துடும். வண்டலு அரை மணி நேரம் எடுத்துக்கும். களி மறுநாள் வரைக்கும் மெதந்துக்கிட்டே இருந்துட்டு எறங்கும், எங்க வாத்தியாரு பேச்சு மாதிரி. அப்புறம் ஸ்கேல் வச்சி ஒவ்வொரு அடுக்கையும் அளந்துக்க. ஒரு துளி மண்ணை எடுத்து முன்பல்லுல கடிச்சியும் பாக்கலாம். நறநறன்னா மணலு, மாவா இருந்தா வண்டலு, பல்லுல அப்பினா களி. உன் பல்லு கிளிப்பு போட்ட பல்லு, நீ பாட்டிலோட நிறுத்திக்க.

மோந்தும் பாக்கணும். மழை வாசனைன்னு நீங்கல்லாம் சிலாகிக்கிறீங்களே, அந்த வாசனை அடிக்கிற மேல்மண்ணு கல்லுக்கு ஆவாது. அதுல சருகு, வேரு, மக்குன சாணி எல்லாம் கலந்திருக்கும். சிமெண்டு இறுகுறதைக் கெடுத்துடும். மேல ஒரு அடியை வழிச்சித் தள்ளிட்டு கீழதான் தோண்டணும். வழிச்ச மேல்மண்ணை இன்னா பண்றதுன்னு அப்புறமா சொல்றேன். ஞாபகப்படுத்து.

இப்ப கலவை. சலிச்ச மண்ணும் சிமெண்டும் காஞ்சபடியே நல்லாக் கலந்து, ஒரே நெறமா ஆனப்புறந்தான் தண்ணி. குடத்தைக் கவுக்காத, பூவாளியில தெளி. உன் மேஸ்திரி சாந்து கொழைக்கிற மாதிரி கொழைச்சிடுவான், கையிலயே அடி. தண்ணியை எந்த மிசினாலயும் அமுக்க முடியாது மருமவனே. கலவையில தண்ணி கூடினா பிரஸ்ஸு தண்ணியைத்தான் அமுக்கும், மண்ணை அமுக்காது. காஞ்சிருந்தா கல்லு ஓரம் பொலபொலன்னு உதிரும். பதம் பாக்க, ஒரு உருண்டை புடிச்சி மார் ஒசரத்துலேந்து கீழ போடு. அப்படியே பணியாரமா ஒக்காந்தா தண்ணி அதிகம். பொடியா செதறினா கம்மி. நாலஞ்சு துண்டா ஒடைஞ்சா பதம்.

தண்ணி பட்ட நிமிசத்துலேந்து சிமெண்டுக்குக் கடியாரம் ஓட ஆரம்பிச்சிடுது. அரை மணிக்குள்ள அடிச்சி முடிக்கிற அளவுதான் கலக்கணும். காலையில மொத்தமா நாலு மூட்டையைக் கொட்டிக் கலந்து வச்சிட்டு டீ குடிக்கப் போறது, டீக்கடையில தேர்தலு பேசிட்டு வந்து, காஞ்சிடுச்சின்னு மறுபடி தண்ணி தெளிச்சிக் கிளறுறது. அது செத்த பொணத்துக்கு மருந்து குடுக்கிற வேலை. அப்படி அடிச்ச கல்லும் பாக்க மூக்கும் முழியுமாத்தான் இருக்கும். நான் அடிச்சிருக்கேன், அதனால சொல்றேன். அப்ப 200 கல்லு. எங்க மேஸ்திரி ஒண்ணும் திட்டல. அந்தக் கல்லு பூராவையும் என்னையே எடுத்துட்டுப் போயி பாதையில போடச் சொல்லிட்டு, மழைக்காலம் வரைக்கும் காத்திருந்தாரு.

அடுத்துதான் நீங்கல்லாம் சறுக்குற எடம். கல்லு அடிச்சாச்சு, போட்டோ புடிச்சி அனுப்பியாச்சு, வேலை முடிஞ்சிடுச்சின்னு மெட்ராசுக்கு பஸ் ஏறிடுவ. அப்பத்தான் கல்லுக்கு வேலையே ஆரம்பிக்குது. புள்ள பெத்தவளைப் பச்ச ஒடம்புக்காரின்னு சொல்றமே, எப்படி வச்சிக்கிறோம்? காத்து படாம, வெய்யிலு படாம. இதுவும் பச்சைக் கல்லு. மொத ரெண்டு நாளு பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடி, உள்ள இருக்குற ஈரம் வெளியில போவாம வச்சிக்கணும். அப்புறம் நெழலுல அடுக்கி, கோணியோ வைக்கோலோ போத்தி, நாளைக்கு மூணு நாலு வாட்டி தண்ணி தெளிக்கணும். 28 நாளு. நடுவுல ஒரு தடவை காய வுட்டா, மறுபடி நனைச்சி வுட்ட பலத்தைப் புடிச்சிட முடியாது. சிமெண்டு இறுகுறது காஞ்சி இல்ல, தண்ணியைக் குடிச்சி.

நீ வாங்கின கூடுதல் 58 மூட்டை இருக்கே, அது இந்த 28 நாள் தண்ணிக்கு ஈடாவாது. 5 சதவீதம் போட்டு ஒழுங்காத் தண்ணி காட்டின கல்லு நிக்கும். 12 போட்டு அக்னி நட்சத்திரத்துல மொட்டை வெய்யிலுல காய வச்ச கல்லு, பாக்க வெள்ளையா சிமெண்டு கல்லு மாதிரியே இருக்கும், நகத்தால கீறினா மாவு. உங்காளுங்க வழக்கமா சித்திரையிலதான் ஆரம்பிப்பாங்க, மழை தொந்தரவு இல்லையாம். மழை இல்ல, சரி. கல்லைச் சுடுறதுக்குச் சூளை வேணாம்னு வந்துட்டு வெய்யிலுலயே சுட்டு எடுக்குறது இன்னா கணக்கு? பொங்கல் முடிஞ்சி தை மாசம் ஆரம்பி. பனி இருக்கும், காத்தும் சூடில்லாம இருக்கும்.

28 நாள் கழிச்சி ஒரு கல்லை எடை போட்டு ஒரு நாள் முழுக்கத் தொட்டியில ஊற வை. எடுத்துத் தொடைச்சி மறுபடி எடை போடு. 7 கிலோ கல்லு ஒரு கிலோவுக்கு மேல தண்ணி குடிச்சிருந்தா எங்கயோ தப்பு நடந்திருக்குது. ஓரத்தை வெரலால தேய், மண்ணு கரைஞ்சி கையில ஒட்டினா அந்த வரிசையை மாட்டுக்கொட்டாய்க்கு அனுப்பிடு. மாட்டுக்கொட்டாய் யாருதுன்னு கேக்காத.

கட்டுற சாந்துலயும் வீரத்தைக் காட்டாத. ஒண்ணுக்கு மூணு போட்டுக் கெட்டியாக் கட்டுறேன்னு உன் மேஸ்திரி மீசையை முறுக்குவான். கல்லு மெதுவாகவும் சாந்து மொரடாகவும் இருந்தா விரிசலு கல்லுலதான் வுழும். ஒரு பங்கு சிமெண்டு, ஒரு பங்கு அதே செம்மண்ணு, மூணு பங்கு மணலு. கடைக்காலுக்கு மட்டும் கருங்கல்லைப் போட்டு தரைமட்டத்துக்கு மேல ஒசத்திக்க. கூரையை ரெண்டு அடியாவது வெளியில எறக்கு. தாழ்வாரத்தைப் பத்தி உங்க அத்தைகிட்ட கேளு, நல்லாச் சொல்லுவா. கட்டினப்புறம் மேல சிமெண்டு பூசி ஊதா பெயிண்டு அடிக்கலாம்னு உன் பொஞ்சாதி சொல்லிச்சாம். அது உங்க குடும்ப விசயம்.

இப்ப கணக்குக்கு வா. கல்லுக்கு 42 மூட்டை. கடைக்காலு, சாந்து, தரைன்னு ஒரு 50 ஆவும். மிச்சம் 8. சிமெண்டு மூணு மாசம் ஈரக்காத்துல கெடந்தா பலம் போயிடும், உனக்கே தெரியும். வீணாப் போறதைப் பாத்துக்கிட்டிருக்க எனக்கு மனசு வராது. மாட்டுக்கொட்டாய் தரை பள்ளமும் மேடுமாத்தான் கெடக்குது, வச்சிட்டுப் போ.

மண்ணு? எங்க போவ மருமவனே, நம்ம மேட்டுக் கொல்லையில இருக்குற செம்மண்ணு பாட்டிலுல போட்டுப் பாத்தாச்சி, மணலு பாதி, களி அஞ்சுல ஒண்ணு, அளவெடுத்துத் தைச்ச மாதிரி. 10 யூனிட்டுக்கு மேல வேண்டியிருக்கும். சொந்த நெலந்தான்னாலும் மண்ணெடுக்க அனுமதி வாங்கணும், அதுக்கு நீயே அலைஞ்சிடு, எனக்கு முட்டி வலி. மாமன் மருமவன் நடுவுல காசு எதுக்கு, சும்மாவே எடுத்துக்க. கண்ட எடத்துல நோண்டாத, கெழக்கு மூலையில நான் குச்சி நட்டு கயிறு கட்டியிருக்கேன், அந்தச் சதுரத்துக்குள்ள மட்டும். கரை சரிவா இருக்கட்டும், மாடு எறங்கித் தண்ணி குடிக்கணும். மழைத்தண்ணி வந்து சேர மேற்கால ஒரு வாய்க்காலும் வெட்டிடு, ஜேசிபி வந்தது வந்துச்சி, அரை மணி நேர வேலை.

மேல்மண்ணை ஞாபகப்படுத்தச் சொன்னேன், நீ மறந்துட்ட. பரவாயில்ல, நான் மறக்கல. அதைத் தனியா அள்ளி, பின்னால கத்திரித் தோட்டத்துல பரப்பிடச் சொல்லு. டிராக்டர் வாடகை உன் கணக்கு.